கூலிக்காரருக்கு எந்த முத்திரை?

வணக்கம் ஐயா,

மலேசியா ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் புதிதாகத் திறந்த கஃபே ஒன்றில் பரிஸ்டாவாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் காப்பிக்கொட்டை நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை பெற்றது. பயிற்சியில் அதைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே உற்சாகம். விவசாயிக்கு உரிய விலை போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாட்டியிடமும் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். "கொட்டைக்கு விலை சரி, பறிக்கிறவளுக்கு நாள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. 14 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் குடிக்கிறவர்களிடம் நான் சொல்வது பொய்யா? நாங்களும் பால் சேர்க்காத உள்ளூர்க் கோப்பி ஓ விற்றுவிட்டுப் போகலாமா?

ம., குளுவாங்

அன்புள்ள ம.,

பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் பாட்டி கேட்டுவிட்டார்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். காப்பி ஏற்றுமதிக்கு நாடுவாரியாக அளவு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த உலக ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1989இல் அந்த ஏற்பாடு உடைந்தது. விலை சரிந்து சரிந்து 2001 வாக்கில் ராத்தல் (சுமார் 454 கிராம்) அரை டாலருக்கும் கீழே போனது. அந்த மாதிரி நேரத்தில் சிறு விவசாயிக்கு, இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று நியாய வணிகக்காரர்கள் வைத்த அடிவிலை ஒன்று இருப்பது சாதாரண விஷயம் அல்ல. இப்போது கழுவிப் பதப்படுத்திய அரபிகா ரகக் காப்பிக்கு அந்த அடிவிலை ராத்தலுக்கு 1.80 அமெரிக்க டாலர், 2023 ஆகஸ்டிலிருந்து. சந்தை விலை அதற்கு மேலே இருந்தால் சந்தை விலையே கொடுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் சந்தை 4 டாலரைத் தாண்டியபோது அடிவிலைக்கு வேலையே இருக்கவில்லை. அதற்கு மேல் ராத்தலுக்கு 20 சென்ட் உபரித்தொகை உண்டு. அது தனி ஆள் கைக்குப் போவதில்லை, கூட்டுறவு சங்கத்துக்குப் போகும். பள்ளிக்கூடமா, உலர்களமா, உரமா என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்வார்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம், நீங்கள்தான் தினமும் கொட்டையை நிறுக்கிறவர் ஆயிற்றே. ஒரு ராத்தல் பச்சைக்கொட்டை வறுத்தால் எடை குறைந்து 380 கிராம் அளவில் நிற்கும். கோப்பைக்கு 18 கிராம் என்றால் இருபது கோப்பை சொச்சம். ஆக அந்த 20 சென்ட் உபரி, உங்கள் 14 வெள்ளிக் கோப்பையில் ஒரு அமெரிக்க சென்ட். நம் காசில் நாலு சென் அளவு. பாலுக்கு ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு.

இனிப் பாட்டியின் கேள்வி. நியாய வணிகத்தின் உலக அமைப்பு காப்பியில் முத்திரை கொடுப்பது சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டும்தான். தேயிலையிலும் வாழையிலும் கூலியாள் வைத்த பெரிய தோட்டங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், காப்பியில் இல்லை. அமெரிக்கக் கிளை 2011இல் பிரிந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதாவது தோட்ட லயத்தில் குடியிருந்து, விடியலில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடை எடைக்குக் கூலி வாங்கும் ஆளை நினைத்து அந்த விலை போடப்படவில்லை. சிறு விவசாயியும் அறுவடைக் காலத்தில் ஆள் வைப்பார். அந்த ஆள் பெரும்பாலும் நிலமில்லாதவர், அவர்களில் பெண்களும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் இதைத் தேடிப் போய் 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். முத்திரை பெற்ற சங்கங்கள் இருந்த ஊர்களில் கூலியாட்களுக்குக் கூலி கூடியிருக்கவில்லை, சில இடங்களில் மற்ற ஊர்களைவிடக் குறைவு. நியாய வணிகக்காரர்கள் அந்த ஒப்பீட்டு முறையை மறுத்தார்கள். மறுக்கட்டும், ஆனால் கேள்வி நிற்கிறது.

தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை பெரிய தோட்டங்களுக்கும் கிடைக்கும், அங்கே அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனால் கொட்டைக்கு அடிவிலை கிடையாது. 'நேரடிக் கொள்முதல்' என்று பையில் அச்சடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதில் எதை நம்புவது என்றால், நான் நியாய வணிக முத்திரையையே எடுப்பேன், அதன் எல்லை தெரிந்து.

இந்த எல்லை நமக்குப் புரிவதுபோல மற்றவர்களுக்குப் புரியாது. ரப்பருக்கு முன்னால் இந்த மண்ணில் நம் ஆட்கள் காப்பிதான் பறித்தார்கள். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் விழுந்து காப்பித் தோட்டங்கள் அழிந்தன, துரைமார்களில் ஒரு பகுதியினர் கூலியாட்களையும் அவர்களை மேய்க்கும் கங்காணிகளையும் வைத்துக்கொண்டு மலாயா வந்து சிலாங்கூர்ப் பக்கம் காப்பி போட்டார்கள். 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி கொட்டிக் குவிந்து விலை விழுந்தது. காப்பிக்கு நடுவே ரப்பரை நட்டார்கள். செடி மாறியது, கூலிமுறை மாறவில்லை.

கூலி உயர்வுக்கு யார் போராடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1941இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பட்டாளம் வந்தது, முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். லண்டனில் டயர் வாங்கியவர் யாரும் இரண்டு காசு கூடக் கொடுத்து உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சம்பளத்தை உயர்த்தவில்லை. வாங்குகிறவரின் நல்ல மனதை நான் குறைத்துப் பேசவில்லை. அது கூலிச் சீட்டுவரை போய்ச் சேர, சீட்டை வாங்குகிறவர் சங்கமாக நின்றிருக்க வேண்டியிருக்கிறது.

கோப்பி ஓ பற்றி. அதை ஏளனமாக நினைக்க வேண்டாம், புனிதமாக்கவும் வேண்டாம். பத்து பகாட், மூவார் பக்கம் லிபெரிக்கா ரகக் காப்பி போடுகிறவர்கள் பெரும்பாலும் சின்னத் தோட்டக்காரர்கள்தான். குளுவாங்கிலிருந்து காரில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போய் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம், எந்த முத்திரையும் தராத வசதி அது. ஆனால் கடைத்தூளில் வியட்நாம், இந்தோனேசிய ரொபஸ்டா ரகக் கொட்டை கலப்பது சகஜம். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுத்த பிறகு யார் கொட்டை என்று நாக்குக்கும் தெரியாது.

உங்கள் முதலாளி வழியாகக் கொட்டை தருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்: எந்தச் சங்கம், பறிக்கிறவர் யார், கூலி கூடைக்கா நாளுக்கா. உங்கள் சம்பளச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள், 2025இலிருந்து சட்டப்படி மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. வாடிக்கையாளரிடம் "விவசாயிக்கு அடிவிலை உண்டு, பறிப்பவர் கூலி பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் காப்பி விற்காது என்று மேனேஜர் பயப்படுவார். பயம் வேண்டாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நீங்கள் பாலில் போடும் இலைப் படத்தைப் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள்.