மே மாதப் படங்கள்: கேள்வியும் பதிலும்

2025 மே மாதம் திரைக்கு வந்த படங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தப் படத்தின் கடைசி முடிச்சையும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி (மதுரை): மே 1 அன்று 'ரெட்ரோ'வும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒன்றாக வந்தன. சூர்யா படத்துக்கு எதிரே ஒரு சின்னப் படம் எப்படி நின்றது?

முதல் நாள் கூட்டம் சூர்யாவுக்குத்தான். அதில் வியப்பில்லை. ஆனால் முதல் வாரம் முடிவதற்குள் சசிகுமாரும் சிம்ரனும் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குக் காட்சிகளைக் கூட்டினார்கள். விளம்பரத்தால் கூடிய கூட்டம் அல்ல அது. பார்த்துவிட்டு வந்தவர் வீட்டில் சொன்னார், வீட்டிலிருந்தவர்கள் மறுநாள் கிளம்பினார்கள். தாத்தா, பாட்டி, பேரன் என்று ஒரு வரிசை முழுவதையும் ஒரே குடும்பம் பிடித்துக்கொள்ளும் படம் வந்து நாளாகிவிட்டது.

இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் இருபதுகளில் இருக்கும் இளைஞர். இது முதல் படம். தனக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பொருளாதார நெருக்கடியில் இலங்கையின் வல்வெட்டித்துறையை விட்டுப் படகேறும் தர்மதாஸ் குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழ வேண்டும். கதை அவ்வளவுதான். அதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க அவர் ஆசைப்படவில்லை. இந்த மாதம் வந்த பெரிய படங்களுக்கு இல்லாத அடக்கம் இது.

கேள்வி (திருச்சி): 'ரெட்ரோ' எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் ஏன் திட்டுகிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடித்ததை யார் பிடுங்கப் போகிறார்கள்? எனக்கும் முதல் பாதி பிடித்தது. முக்கியமாக அந்தக் கல்யாணக் காட்சி. ஏறக்குறைய கால் மணி நேரம், ஒரே ஷாட். 'கனிமா' பாட்டில் ஆட்டம் தொடங்குகிறது, நடுவிலே பேச்சு, பேச்சுக்குள்ளே பகை, பகை முற்றி அடிதடி. கேமரா கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்து சூர்யாவின் முகத்தருகே நிற்கும்போதெல்லாம், அந்த முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. சிரிக்கவே தெரியாதவனாக வளர்ந்த பாரி தன் கல்யாணத்திலேயே ஆடுகிறான். கண்ணில் மகிழ்ச்சி, உதட்டில் ஒன்றுமில்லை. சூர்யாவிடமிருந்து இப்படி ஒரு நடிப்பு வந்து வெகுகாலமாயிற்று. பூஜா ஹெக்டேவும் ஒப்பனையைக் குறைத்துக்கொண்டு, தமிழில் சொந்தக் குரலில் பேசியிருக்கிறார். சந்தோஷ் நாராயணனின் இசை இல்லையென்றால் பாதிப் படம் இல்லை.

பிறகு கதை அந்தமானுக்குப் போகிறது. அங்கே அடிமைகள், கொடுங்கோலர்கள், களத்தில் இறக்கிவிட்டு நடத்தும் சண்டைகள், ஒரு பிறப்பு ரகசியம், ஒரு மீட்பர். கூடவே சிரிப்பு வைத்தியராக ஜெயராம். காதல், சிரிப்பு, போர் என்று இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ் தானே மூன்று பெயர் வைத்துக்கொண்டார். மூன்றும் தனித்தனிப் படமாக வர வேண்டியவை. வளர்ப்புத் தந்தையாக ஜோஜு ஜார்ஜ் நிற்கும் இடங்களில் படம் கொதிக்கிறது. "என் மகன் என்று ஒரு முறையாவது சொல்வாரா?" என்பதுதானே பாரியின் ஏக்கம்? தீவுக்குப் போனதும் அந்த ஏக்கத்தை மறந்துவிட்டு ஊரை மீட்கக் கிளம்பிவிட்டார்கள். கோபப்பட்டவர்கள் எல்லோரும் சூர்யாவின் எதிரிகள் அல்ல. நல்ல படம் ஒன்று கைநழுவிப் போவதை இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): சசிகுமாரும் சிம்ரனும் பேசியது எங்கள் தமிழா? நேர்மையாகச் சொல்லவும்.

நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறீர்கள்! என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். அமைதியாகப் பேசும்போது இருவரும் சமாளிக்கிறார்கள். கோபமோ அழுகையோ வந்தால் சசிகுமாருக்குள்ளிருந்து மதுரை எட்டிப் பார்க்கிறது. சிம்ரன் இழுவையைக் கொஞ்சம் கூடவே இழுக்கிறார். பையன்களில் சின்னவன் கமலேஷ்தான் சட்டென்று மனதில் நிற்கிறான். அவன் வாயைத் திறந்தாலே அரங்கம் சிரிக்கத் தயாராகிவிடுகிறது.

தமிழ்ப் படங்களில் இலங்கைத் தமிழ் பெரும்பாலும் கேலிக்கோ கண்ணீருக்கோதான் பயன்பட்டிருக்கிறது. இதில் அந்தப் பேச்சு ஒரு வீட்டின் சமையலறையில், மாடிப்படியில், சாதாரணமாகப் புழங்குகிறது. உச்சரிப்பில் மதிப்பெண் குறைத்தாலும் இதற்காகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி (ராமநாதபுரம்): மண்டபம் முகாமைத் தெரிந்தவன் நான். 'டூரிஸ்ட் ஃபேமிலி' அகதி வாழ்க்கையை இவ்வளவு இனிப்பாகக் காட்டலாமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் எடையுள்ளது இது. 2022 மார்ச்சில் நெருக்கடி முற்றியபோது தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களை அழைத்துப்போய்த் தங்கவைத்தது மண்டபம் முகாமில்தான். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாம்களின் பெயரை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் குடியுரிமை எட்டாக்கனியாகவே இருக்கிறது. படத்தில் இதெல்லாம் இல்லை. ராமேஸ்வரத்தில் காவலர்களிடம் மாட்டியும் தப்பி வரும் குடும்பம், யோகிபாபு துணையில் சென்னையில் வீடு பிடித்துவிடுகிறது. வேலையும் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் உள்ளுக்குள் நல்லவர்கள்.

இயக்குநர் அறியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எடுக்க விரும்பியது முகாமைப் பற்றிய படம் அல்ல, காலனியைப் பற்றிய படம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளுக்கு நடுவே வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதே அவருடைய கேள்வி. பக்கத்து வீட்டு அம்மாள் இறந்துபோகும் பகுதியைப் பாருங்கள். கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வந்து நாலு நாள் ஆன தர்மதாஸ் சாவு வீட்டு வேலைகளைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு, காலனிக்காரர்களை அங்கே வரவழைக்கிறார். பக்கம் பக்கமாக வசனம் எழுத வாய்ப்பிருந்தும் சுருக்கமாக முடித்திருக்கிறார்கள். கிழவராக வரும் குமரவேலின் முகமே போதுமானதாக இருந்தது.

ஆனாலும் உங்கள் வருத்தம் நியாயமானது. காவல்துறைத் தேடல் நெருங்க நெருங்கப் பயம் கூட வேண்டும், இங்கே கூடவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு காட்சியில் காட்டியிருந்தால் அந்தச் சிரிப்புக்குக்கூட மதிப்பு ஏறியிருக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): 'மாமன்' பார்த்து நானும் என் அக்காவும் அழுதோம். என் மகன் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தான். யார் சரி?

மூவரும் சரி, அம்மா. பத்து ஆண்டுகள் பிள்ளையில்லாத அக்காவுக்குப் பிறந்த பையன், அவனை நெஞ்சில் சுமக்கும் தாய்மாமன், முதலிரவு அறைக்கு வெளியே நின்று "மாமாவோடுதான் தூங்குவேன்" என்று அடம் பிடிக்கும் குழந்தை. இது நம் வீடுகளில் நடக்கிற கூத்துதான். கதையை, மாமனாக நடித்த சூரியே எழுதியிருக்கிறார். அது தெரிகிறது: சண்டைகள் எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. மருமகள் ஒன்று சொல்ல, நாத்தனார் ஒன்று சொல்ல, நடுவில் நிற்கும் ஆணுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஐஸ்வர்யா லட்சுமியின் பாத்திரத்தைக் கெட்டவளாக்காமல் காப்பாற்றியது இயக்குநர் பிரசாந்த் பாண்டிராஜின் நல்ல புத்தி.

அழ வைத்த பிறகும் விடாமல் அழ வைப்பதுதான் சிக்கல். காதுகுத்து, வளைகாப்பு, சாவு என்று வீட்டுச் சடங்கு ஒன்றும் பாக்கியில்லை; ஒவ்வொன்றிலும் யாராவது விம்முகிறார்கள், பின்னணி இசை அவர்களுக்கு முன்பாகவே விம்மிவிடுகிறது. உங்கள் மகன் சிரித்தது அந்த இடங்களில்தான் என்று ஊகிக்கிறேன். ராஜ்கிரணும் விஜி சந்திரசேகரும் வரும் பகுதி மட்டும் தனி அழகு. வயதான தம்பதியின் அன்பை இவ்வளவு நிதானமாகத் தமிழ் சினிமா அடிக்கடி காட்டுவதில்லை.

கேள்வி (விருதுநகர்): 'மாமன்' ஓட வேண்டும் என்று ரசிகர்கள் மண்சோறு சாப்பிட்டார்களே?

மதுரையில் நடந்தது. சூரியே பகிரங்கமாகக் கண்டித்தார். படம் நன்றாக இருந்தால் ஓடும். இல்லையென்றால் பிரியாணி சாப்பிட்டாலும் ஓடாது.

கேள்வி (சேலம்): சந்தானத்தின் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' விமர்சகர்களைக் கிண்டலடிக்கும் படமாமே. உங்களுக்குக் கோபம் வந்ததா?

கோபம் வரும் அளவுக்குக் கிண்டல் கூர்மையாக இல்லையே என்றுதான் வருத்தம். படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் விமர்சகனை, பேயாகிவிட்ட ஓர் இயக்குநர் படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிடுகிறார். அருமையான யோசனை. பேயாக செல்வராகவன் என்றதும் இன்னும் ஆசை வந்தது. கௌதம் மேனன் தன் பழைய படங்களைத் தானே கேலி செய்துகொள்ளும் இடங்களில் அரங்கம் குலுங்கியது. மற்றபடி சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். பாடல் ஒன்று பக்தர்களின் எதிர்ப்பால் நீக்கப்பட்டது; வெளியீட்டுக்கு முன் படத்தைப் பற்றி எழுந்த பெரிய பேச்சே அதுதான்.

கேள்வி (ஈப்போ, மலேசியா): எங்கள் நாட்டில் எடுத்த 'ஏஸ்' எப்படி?

உங்கள் நாடு அழகாக இருக்கிறது. விஜய் சேதுபதியும் யோகிபாபுவும் சேர்ந்தால் சில நல்ல வசனங்கள் உதிர்கின்றன, ருக்மிணி வசந்த் நன்றாக நடிக்கிறார். கொள்ளைக் கதைக்கு வேண்டிய பதற்றம் இல்லை; மாட்டிக்கொள்வானோ என்று ஒரு நிமிடம்கூட நமக்குத் தோன்றவில்லை. மலேசியத் தமிழர்களின் வாழ்க்கை ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தீர்களானால், ஏமாற்றம்தான். கட்டடங்கள் தெரிகின்றன.

கேள்வி (சென்னை): யாரும் பேசாத நல்ல படம் ஏதாவது?

'லெவன்'. நவீன் சந்திரா காவல் அதிகாரி. தொடர் கொலைகள், எரிந்த உடல்கள், அடையாளம் தெரியாத பிணங்கள். அறிமுக இயக்குநர் லோகேஷ் அஜில்ஸ் முதல் அரை மணி நேரம் நமக்குத் தெரிந்த பாதையிலேயே கூட்டிப்போகிறார், எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றும். போகாதீர்கள். கொலைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு தெரிய வரும்போது கதை நிமிர்ந்து உட்கார்கிறது. காதல் காட்சிகள் மட்டும் வேறு படத்திலிருந்து தவறி விழுந்தவை. 'மாமன்', சந்தானம் படம் இரண்டோடும் மே 16 அன்றே வந்து, கிடைத்த திரைகளில் ஓடியது. வேறு வாரம் வந்திருக்கலாம்.

கேள்வி (வேலூர்): ஆங்கிலப் படங்களில் எதற்குப் போகலாம்? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனும் வருகிறான்.

மகனோடு என்றால் 'மிஷன் இம்பாசிபிள்' கடைசிப் பாகம். 1996இல் தொடங்கிய வரிசை. டாம் குரூஸ் பழைய இரட்டை இறக்கை விமானத்தில் தொங்கும் காட்சிக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். ஆனால் அந்த இடம் வருவதற்குள், உலகம் அழியப் போகிறது என்பதை அறைக்கு அறை போய் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் மகன் தூங்கினால் எழுப்ப வேண்டாம். 'ஃபைனல் டெஸ்டினேஷன்' புதிய பாகத்துக்கு அவனை அழைத்துப் போகாதீர்கள். விதவிதமான சாவுதான் அதன் தொழில். நீங்கள் மட்டும் போனால், உயரமான கோபுர உணவகத்தில் நடக்கும் தொடக்கக் காட்சியைத் தவறவிடாதபடி நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். மறைந்த நடிகர் டோனி டாட் வரும் ஒரே காட்சியும் நெகிழ வைக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும் படத்துக்குத் திரையரங்கு எதற்கு?

'ரெட்ரோ' மே 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஜூன் 2 அன்று ஜியோ ஹாட்ஸ்டாரில். இந்தியில் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. இங்கே நாலு வாரத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டோம். இதில் அடிபடுவது பெரிய படம் அல்ல. அது முதல் மூன்று நாளிலேயே தன் பங்கை எடுத்துவிடும். மெல்லப் பேச்சுப் பரவி மூன்றாவது வாரம் கூட்டம் சேரும் சசிகுமார் படம் போன்றவற்றுக்குத்தான் இன்னும் இரண்டு வாரம் தேவைப்படுகிறது. சிறுநகரத் திரையரங்குக்காரரைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீர் விடுவார்.

கேள்வி (கடலூர்): 'தக் லைஃப்' பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?

அது ஜூன் 5 அன்று வந்த படம், ஜூன் கணக்கில் வரும். அதற்குள் அடுத்த கட்டுக் கேள்விகளை அனுப்பிவையுங்கள். வசைகளைத் தனி உறையில் போடவும்.