கண்ணில் ஊசி என்றதும் நானும் எட்டு மாதம் ஓடி ஒளிந்தவன்தான்

"அப்பாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் வீக்கம், கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள், லேசர் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவைவிட நீங்கள்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். 'உனக்கென்ன தெரியும்' என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: இதுவரை பதினொரு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் காணாமல் போயின. தட்டச்சு செய்த பையனைத் திட்டினேன். "புள்ளி இருக்கிறதே ஐயா" என்றான். விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் வலக்கண் மையத்தின் தடிமன் 480 மைக்ரான். 300க்குள் இருக்க வேண்டுமாம். ஊசியைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் பொன்னாங்கண்ணிக் கீரை தின்றேன். கீரைமேல் எனக்குக் கோபமில்லை, அதைப் பரிந்துரைத்த சித்தப்பாமேல் உண்டு.

ஊசி போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, கொஞ்சம் எரிகிற அயோடின், இமையை விரித்துப் பிடிக்க ஒரு கிளிப், "மேலே பாருங்கள்" என்ற குரல், ஓர் அழுத்தம். அன்றிரவு மணல் விழுந்தது போன்ற உறுத்தல்தான் தொல்லை. ஆனால் ஒன்றோடு முடியாது. எனக்கு மாதம் ஒன்றாக ஐந்து, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளி விட்டார்கள். ஐந்தாவதுக்குப் பின் 310. புள்ளிகள் திரும்பின, எட்டு மாதத்தில் போனது முழுதும் திரும்பவில்லை.

லேசர் இருக்கிற பார்வையைக் காக்கும், போனதைப் பெரும்பாலும் மீட்காது. வீக்கம் நடுமையத்தைத் தொட்டுப் பார்வையும் குறைந்திருந்தால் ஊசிதான் முதலில். பார்வை நன்றாகவே இருந்தால் அடிக்கடி பரிசோதித்தபடி காத்திருக்கவும் சொல்வார்கள். இந்த ஊசி மருந்துகளில் விலை குறைந்த அவாஸ்டின் புற்றுநோய் மருந்தாயிற்றே என்று பதற வேண்டாம். 2015இல் வந்த அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், பார்வைக் குறைவு லேசாக இருந்தவர்களுக்கு அதுவும், லூசென்டிஸ், ஐலியா என்ற மற்ற இரண்டு ஊசி மருந்துகளும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. அதிகம் குறைந்திருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் ஐலியா முந்தியது. இவை கேட்காவிட்டால் ஸ்டீராய்டு. அதில் கண் அழுத்தமும் புரையும் வரலாம். அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணம்தான் கொடுமை. 24 மணி நேரம் மருத்துவமனைப் படுக்கையில் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. கண்ணுக்குள் போடும் ஊசியை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே சொல்லிவிட்டது. அவர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் புள்ளி விடுபட்ட இடம் மட்டும் ஏழு. சிவப்பு மையில் வட்டமிட்டு, விதியின் நகலையும் இணைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வலக்கண்ணால் பார்த்துத்தான்.