கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் இருந்துகொண்டு பிள்ளையைப் பியானோ கலைஞராக்க முடியுமா?

மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில் பியானோ கிடையாது, காவேரிப்பட்டணத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, காலம் கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் கேட்டவர் பெரியப்பா. நான் பெங்களூரில் ஓர் ஓட்டலில் மாலை நேரத்தில் பியானோ வாசிக்கிறேன், பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சோறு போடுகிறது. கால் வயிற்றுக்கு ஓட்டல், மீதிக்கு மாணவர்களின் பெற்றோர். மேடையை மட்டும் நம்பி இறங்கியிருந்தால் பெரியப்பா ஜெயித்திருப்பார்.

நான் தொடங்கியது பியானோவில் அல்ல. பர்கூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் ஆர்மோனியத்தில். (நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) ஏழு வயதிலிருந்து பூசைக்கு வாசித்தேன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் கட்டையில் பிடித்துவிடுவேன். அந்தத் திமிரோடு 1996இல், பதினொரு வயதில், பெங்களூர் காக்ஸ் டவுனில் பியானோ சொல்லித் தந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையாரிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவர் என் வலது கையைப் பார்க்கவே இல்லை. இடது கை தொடைக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்ததாம். ஆர்மோனியத்துக்குக் காற்றடிக்கும் துருத்தியை, அது இல்லாத பியானோவிலும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஆர்மோனியத்தில் இடது கைக்கு வேறு வேலை ஏது? மூன்று மாதம் அந்தக் கைக்கு மட்டும் பாடம் நடந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்.

வீட்டில் பழக வேண்டுமே. பங்குச் சாமியாரிடம் கேட்டு, வாரநாட்களில் ஆர்மோனியத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தங்கை எதிரே உட்கார்ந்து துருத்தி போடுவாள், நான் இரண்டு கையாலும் வாசிப்பேன். கூலி மணிக்கு இரண்டு கமர்கட்டு. சண்டை வந்தால் சட்டென்று கையை எடுத்துவிடுவாள். நான் வாசிக்கும் பாக் (பழைய ஜெர்மானிய இசைமேதை) பாதியில் முனகி அடங்கிப்போவார். பியானோ கிரேடு தேர்வுகளில் கடைசிப் படியான எட்டாம் கிரேடில் நான் வாங்கிய சான்றிதழில் பாதி தன்னுடையது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் வாசித்தது பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் என்ற சிறு பயிற்சிப் பாடல்கள். மொத்தம் 15. வலது கை சொன்னதை இடது கை வாங்கிச் சொல்லும், பிறகு இடது கை முந்தும். எந்தக் கைக்கும் எடுபிடி வேலை கிடையாது. எங்கள் பெட்டியில் 42 கட்டை, பியானோவில் 88. முதல் இன்வென்ஷனின் முடிவில் இடது கை கீழே இறங்கும் இடத்தில் எனக்குக் கட்டையே இருக்காது. மரச்சட்டத்தில் விரலால் தட்டி முடிப்பேன். அந்த ஸ்வரத்தை ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில்தான் காதால் கேட்பேன்.

இந்த இன்வென்ஷன்களின் முதல் வடிவங்கள், பாக் தன் மூத்த மகனுக்காக 1720இல் தொடங்கிய பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அப்போது அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. உங்கள் மகளின் வயதுதான். பாக் வீட்டுப் பிள்ளை தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்திருக்கும் என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். சரிதான், மறுக்கவில்லை. எட்டாம் கிரேடை நான் முடித்தது 22 வயதில். என் மாணவர்கள் சிலர் பதினான்கில் முடிக்கிறார்கள். தாமதம் இருந்தது, அதனால் கதவு மூடிவிடவில்லை என்கிறேன், அவ்வளவே.

ஜாஸுக்கு என்னை இழுத்தவர் கனடாவின் ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன். 1925இல் மான்ட்ரியாலில் பிறந்தவர். அப்பா ரயிலில் போர்ட்டர். வண்டியேறும் முன் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வந்ததும் வாசித்துக் காட்டச் சொல்வார். என் அப்பா மாங்காய் லோடு ஓட்டியவர். வந்து இறங்கியதும் "எத்தனை பக்கம்?" என்பார். இசை தெரியாது, பக்கம் எண்ணத் தெரியும்.

பீட்டர்சனின் அப்பாவுக்கு ரயிலாவது இருந்தது. 2004இல் தனி மாவட்டமாகியும் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த சிறு ரயிலையும் நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓசூர் - ஜோலார்பேட்டை ரயில் மேடைப் பேச்சில் மட்டும் ஓடுகிறது. ஞாயிறுதோறும் பஸ்ஸில் 90 கிலோமீட்டர் நின்றுகொண்டு போனவன் நான். பின்னாளில் கீபோர்டு வாங்கியபோது அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். சரி, ஜாஸுக்கு வருகிறேன்.

ஜாஸிலும் உதை வாங்கியது இடது கைதான். கோயிலில் சுருதியை விடாமல் பிடித்துப் பழகியவன், எந்தக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) வாசித்தாலும் அதன் அடி ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். "அது என் வேலை, நீ ஏன் செய்கிறாய்?" என்று குழுவில் பேஸ் (கீழ் ஸ்வரங்களுக்கான தந்திக் கருவி) வாசிப்பவர் எரிந்து விழுந்தார். பிறகு அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸைக் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கியது: அடி ஸ்வரத்தைப் பேஸுக்கு விட்டுவிட்டு, அதிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது ஸ்வரத்தையும் ஏழாவதையும் இடது கையில் வைத்தால் போதும். கேட்பவர்கள் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். அந்த ஒரு ஸ்வரத்தை விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

நம் சங்கீதம் இருக்க வெள்ளைக்காரன் சங்கீதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம் கூத்து மேடையில் வாசிக்கும் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்.

டிஜிட்டல் பியானோ வாங்க முடிந்தால் 88 கட்டை உள்ளதாக, கட்டையில் எடை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பியானோவில் ஒலியின் அளவு விரலில் இருக்கிறது. ஆர்மோனியத்தில் அது துருத்தியில். மெத்தென்று அமுங்கும் கீபோர்டில் பழகிய விரலைத் திருத்துவது பெரும்பாடு. ஆறு மாதம் கழித்துத்தான் பணம் புரளும் என்றால், மகளுக்குத் தம்பி இருக்கிறானா என்று பாருங்கள். அதுவரை ஓர் ஆர்மோனியமும் கொஞ்சம் கமர்கட்டும் போதும்.