சாபம் பிடித்த வீட்டுப் பொருட்களை வைத்து எடுக்கும் மலிவான பேய்ப்படத் தொடர்ச்சிகளில் பார்க்க என்ன இருக்கிறது?

விளக்கில் பேய், கடிகாரத்தில் பேய், பொம்மை வீட்டில் பேய் என்று குறைந்த செலவில் பாகம் பாகமாக எடுத்துத் தள்ளுகிறார்களே, இவற்றை யாராவது விரும்பிப் பார்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விரும்பிப் பார்க்கிறேன். பெரிய செலவில் எடுத்த பல பேய்ப்படங்களை விட இவை எனக்கு நெருக்கமானவை. அதற்குக் காரணம் நான் வளர்ந்த கடை.

என் அப்பா தருமபுரியில் கடிகாரம் பழுது பார்த்தவர். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடும் கடை. பள்ளி விட்டால் நேரே அங்கேதான் போவேன். மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க, உரிமையாளர்கள் திரும்ப வந்து வாங்காத கடிகாரங்கள் தொங்கும். எல்லாமே சரிசெய்யப்பட்டவை. ஆனாலும் வாங்க வரமாட்டார்கள். கூலி கொடுக்க முடியாமல் விட்டவர்கள் சிலர். இறந்தவருடைய கடிகாரத்தைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வராமல் விட்டவர்கள்தான் அதிகம். அப்பா அவற்றை விற்கவே இல்லை. வாரம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பார்.

இனி படங்களுக்கு வருகிறேன். இந்த வகைக்குப் பெயர் போனது 'அமிட்டிவில்' வரிசை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஊர் அமிட்டிவில். அங்கே ஒரு வீட்டில் 1974 நவம்பரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூத்த மகனே குற்றவாளி எனத் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டுக்குக் குடிவந்த வேறொரு குடும்பம் 28 நாட்களில் வெளியேறியது. பேய்தான் காரணம் என்று அவர்கள் சொன்னது 1977-ல் புத்தகமாகவும் 1979-ல் படமாகவும் வந்தது. அடுத்து இரண்டு பாகங்கள் வந்தன. 1983-ல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் வீட்டையே தகர்த்துவிட்டார்கள்.

வீடு போனபின் கதையை எப்படி நகர்த்துவது? 1989-ல் தொலைக்காட்சிக்காக எடுத்த நான்காம் பாகம் அதற்கு வழி கண்டது. அந்தப் படத்தில் வீடு பழையபடி நிற்கிறது. பாதிரியார்கள் வந்து பேயோட்டுகிறார்கள். தீயசக்தி ஓடி ஓர் உயரமான நிலைவிளக்குக்குள் புகுந்துகொள்கிறது. வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்கும்போது அந்த விளக்கை ஒரு பெண் 100 டாலருக்கு வாங்கி, கலிபோர்னியாவில் இருக்கும் தன் சகோதரிக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிவைக்கிறாள். நாட்டின் ஒரு கோடியில் இருந்த சாபம் பார்சலில் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. பழைய வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டாம், பழைய நடிகர்கள் வேண்டாம். ஒரு வீடு, ஒரு குடும்பம், நடுக்கூடத்தில் ஒரு பொருள் போதும்.

செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த வழிதான். ஆனால் அதிலிருந்து ஓர் உண்மையான பயம் பிறந்துவிட்டது. பேய் வீட்டுக்கு நாம் போக வேண்டும், போகாமலும் இருக்கலாம். பேய்ப் பொருளோ நம் வீட்டுக்கே வந்துவிடும், அதுவும் அன்பளிப்பாக.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் சிறியது. விளக்கை வாங்கிய பெண்ணின் விரலை அதன் உலோகம் கீறிவிடுகிறது. ஒரு துளி ரத்தம். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ரணஜன்னி வந்து இறந்துபோகிறாள். பேய் செய்ததாகவும் கொள்ளலாம், கிருமி செய்ததாகவும் கொள்ளலாம். என் அம்மாவோடு இதைப் பார்த்தபோது அம்மா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆணி குத்தினால், தகரம் கிழித்தால் உடனே தடுப்பூசி போட ஓடும் வீடு எங்களுடையது. அந்தப் பயம் எங்களிடம் முன்பே இருந்தது, படம் அதைத் தொட்டுவிட்டது. அந்தப் பெண் விளக்கை வாங்கியதே அது அசிங்கமாக இருக்கிறது, பரிசாக அனுப்பினால் வேடிக்கையாக இருக்கும் என்றுதான். அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "விளக்கை யாராவது கேலிக்கு வாங்குவார்களா?" என்று படம் முடிந்தபிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

1992-ல் நேரடியாக வீடியோவில் வந்தது கடிகாரப் படம். கட்டடக் கலைஞர் ஒருவர் அமிட்டிவில்லிலிருந்து ஒரு பழைய மேசைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து தன் வீட்டில் வைக்கிறார். அதன்பின் அந்த வீட்டுக்குள் காலம் ஒழுங்காக ஓடுவதில்லை. இந்த வரிசையிலேயே பொருளுக்கும் பயத்துக்கும் மிகப் பொருத்தம் அமைந்த படம் இதுதான். கடிகாரத்துக்கு வேலை நேரம் காட்டுவது, அந்த வேலையே இங்கே கெட்டுப்போகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் நினைவு வரும்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவர். பழைய வேட்டியில் சுற்றிய சுவர்க்கடிகாரத்தைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மாமனாருடையது. அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இறந்ததிலிருந்து மணி அடிக்காமல் முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் திடீரென்று அடிக்கத் தொடங்கியதாம். அதுவும் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ஐந்து அடிக்கிறது. ஐந்து மணி என்பது மாமனார் எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போகும் நேரம். அவர்தான் எழுப்புகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். ஓரத்தில் பள்ளங்கள் வெட்டிய ஒரு பித்தளைச் சக்கரம். முதல் பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கொஞ்சம் இடம், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் அதிகம் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரு நெம்புகோல் பள்ளத்தில் விழும்வரை சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை, ஒரு சுற்றுக்கு 78 அடி. "இந்தச் சக்கரத்துக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது, பாப்பா. தான் கடைசியாக அடித்தது எது என்பது மட்டும்தான் தெரியும்" என்றார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் கடிகாரத்தின் முகப்பில் இருந்த இரண்டு சாவித் துளைகளைக் காட்டினார். ஒன்று முள்ளை ஓட்டும் ஸ்பிரிங்குக்கு, மற்றது மணி அடிக்கும் ஸ்பிரிங்குக்கு. மாமனார் ஞாயிறுதோறும் இரண்டுக்கும் சாவி கொடுப்பார். அவருக்குப் பிறகு மகன் ஒன்றுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். முள் ஓடியது, மணி நின்றுபோனது. பொங்கலுக்கு வீடு துடைத்தபோது இந்தப் பெண் மற்றத் துளையிலும் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறார். நின்ற இடத்திலிருந்து சக்கரம் எண்ணத் தொடங்கிவிட்டது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்படியானால் எங்கள் மாமா கொடுத்த சாவி எதுவரைக்கும் அடித்தது அண்ணா?" சாவி கொடுத்த பிறகு முதலில் எத்தனை அடித்தது என்று அப்பா கேட்டார். மாலை ஐந்து மணிக்கு எட்டு அடித்ததாகச் சொன்னார். "அப்படியென்றால் ஏழு அடித்ததோடு அவர் கொடுத்தது தீர்ந்தது." ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம் அது. மாமனார் இறந்தது ஒரு புதன்கிழமை. அதன்பிறகும் சுமார் ஐந்து நாட்கள், இழவு வீட்டுச் சத்தத்துக்கு நடுவே, அவர் கை முறுக்கிய ஸ்பிரிங்கில் அந்த மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. "ஏழு வரைக்கும் அவர் கொடுத்தது" என்று தனக்குத் தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி செய்து கொடுங்கள் அண்ணா" என்றார். அப்பா நெம்புகோலைத் தூக்கித் தூக்கி மணியை அடிக்கவிட்டு முள்ளோடு பொருத்தினார். கடை முழுக்க அந்தச் சத்தம். அன்று மாலையே பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப்போனார்.

பேய் இல்லை என்று நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. இறந்தவர் ஒரு பொருளில் தங்கியிருப்பது என்றால் என்ன என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எங்கள் மாவட்டத்துக்கு இந்த எண்ணம் புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் போரில் மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்களை இன்றும் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால், எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறோம். என் பாட்டியின் பெயர் வெட்டிய சொம்பில் இன்றும் தண்ணீர் குடிக்கிறேன். முன்பின் தெரியாதவர் பெயர் வெட்டிய சொம்பு ஒன்று பழைய பாத்திரக் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்தால் அதில் தண்ணீர் குடிப்பீர்களா? இந்தப் படங்கள் எல்லாம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

எல்லாப் படங்களும் அதைச் சரியாகக் கேட்பதில்லை. 1993-ல் வந்த கண்ணாடிப் படம் பரவாயில்லை. 1996-ல் வந்த பொம்மை வீட்டுப் படத்தில், பொருளைப் பாதியில் மறந்துவிட்டு அரக்கர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அமிட்டிவில் என்பது ஊர்ப்பெயர், யார் வேண்டுமானாலும் தலைப்பில் வைத்துக்கொள்ளலாம். அதனால் பின்னாட்களில் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்த படங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பணக்குறை அவற்றின் குற்றமல்ல. அந்தப் பொருளை யார் வைத்திருந்தார், எப்படிப் புழங்கினார் என்று யோசிக்கவே இல்லை, அதுதான் குற்றம்.

பொருளை அதன் வேலையிலேயே பயமுறுத்த விட்டால் போதும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 2009-ல் வந்த 'யாவரும் நலம்' தொடர்ச்சிப் படமல்ல. ஆனால் அதில் தொலைக்காட்சிப் பெட்டி தொலைக்காட்சி செய்வதைத்தான் செய்கிறது, மதியம் ஒரு மணிக்கு ஒரு நெடுந்தொடரைக் காட்டுகிறது. அந்தத் தொடரில் நடப்பது அந்தக் குடும்பத்திலும் நடக்கிறது. தமிழ் வீடுகளின் மதிய நேரத்தை அறிந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 1989-ன் விளக்குப் படத்தை முதலில் பாருங்கள். அடுத்து 1992-ன் கடிகாரப் படம். முந்தைய பாகங்களைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, கதை புரியும். தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அந்த வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளைக் காட்டி, அது யாருடையது என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான், எங்கள் வீட்டு அம்மிக்குழவி என் கொள்ளுப்பாட்டி தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரிந்தது.