பி.காம். சி.ஏ. பாடத்திட்டம் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஈரோட்டுப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் துறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பாடத்திட்டக் குழு கூடுகிறது. ஏஐ, டேட்டா சயின்ஸ், பிளாக்செயின் என்று ஆளுக்கொரு தாள் சேர்க்கச் சொல்கிறார்கள். தொழில்துறை சார்பில் வரும் உறுப்பினர் பைத்தான் என்ற நிரல்மொழி போதும் என்கிறார். காமர்ஸ் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் எதற்கு, டேலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்கிறார் மூத்த பேராசிரியர் ஒருவர். எல்லார் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. கணக்கு மென்பொருள் வேலையில் நெடுநாள் இருந்தவர் நீங்கள். எதைச் சேர்க்கலாம், சொல்லுங்கள்.

ம., ஈரோடு மாவட்டம்

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

சேர்ப்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் மாணவர்கள் இப்போது படிக்கிற இரண்டு பாதிகளும் எங்காவது சந்தித்துக்கொள்கின்றனவா? காலையில் நிதிக் கணக்கியல், மதியம் டிபிஎம்எஸ் என்கிற டேட்டாபேஸ் தாள். காமர்ஸ் ஆசிரியர் ஜர்னலும் லெட்ஜரும் நடத்துகிறார். கம்ப்யூட்டர் ஆசிரியர் மாணவர் பெயர், மதிப்பெண் என்று அட்டவணை போட்டு, அதில் விவரம் சேர்க்கவும் தேடவும் உதவும் எஸ்க்யூஎல் மொழியை நடத்துகிறார். லெட்ஜரும் ஒரு அட்டவணைதான். ஒரு வவுச்சரைச் சேமிக்கும்போது பற்றும் வரவும் சேர்ந்தே பதிவாக வேண்டும். ஒன்று பதிவாகி மற்றது நின்றுபோனால் பதிவானதையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். டேட்டாபேஸ் தாளில் டிரான்ஸாக்‌ஷன் என்று வருவது இதுவேதான். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்வதில்லை. எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மென்பொருள் போட்டுக்கொடுத்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். நூல் கிலோவில் வரும். நிட்டிங் முடிந்து துணியும் கிலோவில்தான். சாயப்பட்டறைக்குப் போய் எடை குறைந்து திரும்பும். கட்டிங் மேசையைத் தாண்டியதும் கணக்கு பீஸுக்கு மாறிவிடும். இதற்கிடையில் துணி சாயப்பட்டறையில் கிடந்தாலும் அது கம்பெனியின் சரக்கு. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து வாங்கப் போனதால் விற்பனை பில் கிடையாது, டெலிவரி சலான் மட்டும்தான். கூடுதல் அவகாசம் வாங்கியிருந்தால் ஒழிய, ஒரு வருடத்துக்குள் திரும்பாத சரக்கை அனுப்பிய தேதியிலேயே சப்ளை செய்ததாக எடுத்துக்கொள்கிறது ஜிஎஸ்டி சட்டம். சரக்குக் கணக்கு, செலவுக் கணக்கு, வரிச் சட்டம், டேட்டாபேஸ் நான்கும் அந்த ஒரு சலானில் இருக்கின்றன.

அங்கே ஸ்டாக் அறிக்கையில் துணி குறைந்துகொண்டே வந்தது. மென்பொருள்காரர்களான நாங்கள் என்ட்ரி தப்பு என்றோம். ஆடிட்டர் ஆபீஸில் மென்பொருள் தப்பு என்றார்கள். கண்டுபிடித்தது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பி.காம். சி.ஏ. பெண். நிறம் சரியில்லாமல் திருப்பி அனுப்பிய லாட்டுகளுக்கு இரண்டாவது சலான் போடும்போது, முதல் முறை கழித்த எடை இழப்பையே மறுபடியும் கழித்திருந்தது எங்கள் மென்பொருள். இரண்டு வாரம் சலான் கட்டுகளோடு தனியாக உட்கார்ந்து பிடித்தார். அவருக்கு டேலியும் தெரியும், எஸ்க்யூஎல்லும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்பதை மட்டும் அவராகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வாரத்தைக் கல்லூரியிலேயே கொடுத்துவிடுங்கள் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

இரண்டு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். நூல் கொள்முதலிலிருந்து பணம் வங்கிக்கு வருகிற வரை. அதற்கான அட்டவணைகளை மாணவர்களே வரையட்டும், சலான் போடட்டும், அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்லான இ-இன்வாய்ஸ் வரை கொண்டுபோகட்டும். அரசுத் தளத்துக்கு பில் விவரங்களைக் கொண்டுபோகும் ஜேசான் கோப்பையும், அந்த விவரங்களிலிருந்து கணக்கிட்டுத் திரும்பி வரும் 64 எழுத்து அடையாள எண்ணையும், க்யூஆர் குறியையும் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்த எண்ணைப் போன்ற ஹாஷ் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதிலேயே இன்னொன்றும் கிடைக்கும். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. பிறகு 100, 50, 20, 10 என்று இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. முதல் எண்ணைப் பாடப்புத்தகத்தில் அச்சடித்திருந்தால் மூன்று வருடத்துக்குள் ஐந்து முறை பழசாகியிருக்கும். எண்ணை மனப்பாடம் செய்ய வைக்காமல், மாறுகிற எண்ணை மென்பொருளில் எங்கே வைப்பது என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அந்த மாதம் 20ஆம் தேதி போட்ட பில்லுக்கு 25ஆம் தேதி சரக்கு திரும்பி வந்தால் எந்த விகிதம்? விகிதத்தை நிரலுக்குள் எழுதியவன் மாட்டிக்கொள்வான். தேதியோடு அட்டவணையில் வைத்தவன் தப்பிப்பான். நல்ல தேர்வுக் கேள்வி இது.

புரோகிராமிங் வேண்டுமா என்ற சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. ஏசிஎம், ஏஐஎஸ் என்ற கணினித் துறைச் சங்கங்கள் சேர்ந்து தகவல் அமைப்புகள் (இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) படிப்புக்கு வெளியிட்ட 2010ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் புரோகிராமிங்கைக் கட்டாயப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2020 பதிப்பில் மறுபடியும் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் மூத்த பேராசிரியரிடம் இதைச் சொல்லலாம். பைத்தான் இருக்கட்டும். வங்கி ஸ்டேட்மென்டையும் லெட்ஜரையும் ஒப்பிட்டு, சேராத வரிகளைப் பிரித்துக் காட்டும் நிரல் ஒன்றை ஒவ்வொருவரும் எழுதினால் போதும்.

ஏஐக்குத் தனித்தாள் வேண்டாம் என்பேன். பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் விவகாரத்தைத் தணிக்கைத் தாளில் வையுங்கள். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. அதை நம்பி 1999க்கும் 2015க்கும் இடையில் கிளைத் தபால் நிலையம் நடத்திய 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்குப் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். திரையில் வந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த ஒரு ஆள் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு குடும்பங்கள் சிதைந்திருக்காது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவை அணைக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டையும் சேர்த்து நடத்தினால் பில்லை ஏஐ படித்து என்ட்ரி போட்டால் அதை எப்படிச் சரிபார்ப்பது என்ற இன்றைய கேள்விக்கு மாணவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

பாடத்திட்டத்திலிருந்து எடுப்பதற்கு நிறைய இருக்கிறது. விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழி இன்னும் எந்த மூலையிலாவது இருந்தால் முதலில் அது போகட்டும். 1998இல் வந்தது, மைக்ரோசாஃப்ட் 2008லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. பிளாக்செயினுக்கு ஒரு அலகு தாராளம். குறிப்பிட்ட மென்பொருள் பயிற்சிகளை நான் முதல்வன் வகுப்புகளுக்கு விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு தாளை எடுத்தால் யாருக்கோ பாடவேளை குறைகிறது, பாடவேளை குறைந்தால் வேலைக்கே ஆபத்து. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பழைய தாள்கள் போகாமல் நிற்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். அதனால் மணிநேரத்தைக் குறைக்காதீர்கள். ஆர்டர் பயிற்சியை காமர்ஸ் ஆசிரியரும் கம்ப்யூட்டர் ஆசிரியரும் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து நடத்தட்டும், இருவருக்கும் முழுப் பாடவேளை கணக்கில் வரட்டும். இதை முதல் தீர்மானமாகவே வையுங்கள். மற்றவற்றுக்கு எதிர்ப்பு பாதியாகிவிடும்.

தொழில்துறை உறுப்பினரிடம் எந்த மொழி நல்லது என்று கேட்க வேண்டாம். முடிந்துபோன ஒரு ஆர்டரின் சலான், பில், வங்கிக் காகிதங்களைப் பெயர்களை மறைத்து நகலெடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். சாயத்துக்கு இரண்டு முறை போய் வந்த லாட் ஒன்றாவது அந்தக் கட்டில் இருக்க வேண்டும். கிடைத்ததும் எழுதுங்கள். ஜாப் ஒர்க்குக்கு நான் திருத்தி வரைந்த அட்டவணைகளை அனுப்பிவைக்கிறேன்.