பேரூராட்சி ஓடையைத் தூர்வாரிய பிறகும் தெருவில் தண்ணீர் நிற்பது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைக்கு அருகே ஒரு பேரூராட்சியில் வசிப்பதாகவும், வீட்டு முன்னால் ஓடும் ஓடையை, அதாவது மழைநீர் வடிகாலை, ஆண்டுதோறும் தூர்வாரியும் மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதாகவும் எழுதி, உள்ளாட்சி அமைப்பு வெள்ள அபாயத்தை உண்மையில் எப்படிக் கையாளுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விளவங்கோடு வட்டத்தில் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில் இது: பேரூராட்சியின் பொறுப்பில் இருப்பது பெரும்பாலும் ஓடையின் மேல்பகுதிதான், தண்ணீர் போய் விழுகிற கடைப்பகுதி வேறொரு துறையிடம் இருக்கிறது. அந்தக் கடைப்பகுதி அடைபட்டிருக்கும்வரை உங்கள் தெருவில் எத்தனை முறை மண் அள்ளினாலும் பயன் இல்லை.

முதலில் பொறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். ஓடை அமைப்பதையும் கழிவுநீரை வெளியேற்றுவதையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆவது பிரிவில், கிராம ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. பேரூராட்சி முதல் மாநகராட்சி வரையிலானவற்றுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023இல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் பொருந்தும். ஆனால் மாநிலச் சாலையின் ஓரத்து வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. தேசிய நெடுஞ்சாலையின் குறுக்கே போகும் குழாய்ப் பாலம் அந்தச் சாலையைப் போட்டவர்களுடையது. தண்டவாளத்தின் அடியில் போவது ரயில்வேயுடையது. சானல் என்று நாம் சொல்லும் பாசனக் கால்வாயும் ஆறும் நீர்வளத் துறையுடையவை. குளங்களில்கூட, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதே மாநிலத்தின் பொதுவான ஏற்பாடு. ஆகவே ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஓடைக்கு மூன்று உடைமையாளர்கள் இருப்பது இங்கே அதிசயம் அல்ல; அந்த மூவரும் ஒரே வாரத்தில் தூர்வாருவதுதான் அதிசயம்.

இதன் விளைவைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். முன்பு அந்த ஏக்கர் தென்னையும் மரச்சீனியும் நின்ற விளையாக இருந்தபோது அதில் ஒரு பகுதியை மண் குடித்தது; இப்போது முற்றம் முழுவதும் கல் பதித்து, காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, அத்தனையையும் ஒரே துளை வழியாகத் தெருவுக்கு விடுகிறோம். வாங்கிக்கொள்ளும் ஓடையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அகலமும் ஆழமும் சமமாக உள்ள ஓடையில் அடிப்பாதி மண்ணால் நிறைந்தால், மீதிப் பாதியில் பாதித் தண்ணீர் போகும் என்றே நாம் நினைக்கிறோம். பக்கச் சுவர்களின் உராய்வைச் சேர்த்துக் கணக்கிட்டால் போவது சுமார் 40 சதவீதம்தான். எங்கோ ஓரிடத்தில் இப்படி அடைத்துக்கொண்டால் போதும், அதற்கு மேலே உள்ள சுத்தமான ஓடை முழுவதும் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும். உங்கள் வீட்டின் முன்னால் நடப்பது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் வட்டாரத்து நில அமைப்பும் இதற்குக் காரணம். மேட்டில் வீடும் விளையும், பள்ளத்தில் ஏலா என்னும் நெல்வயலும், ஏலாவின் நடுவே தோடு என்னும் சிற்றோடையும் என்பதுதான் பழைய ஒழுங்கு. மழைநீர் ஏலாவில் பரவி நின்று, மெல்லத் தோட்டில் இறங்கி ஆற்றுக்குப் போனது. நெல்லை விட்டு வாழைக்கும் தென்னைக்கும் போனபோதும், பிறகு மண் நிரப்பி மனையாக்கியபோதும், தோடு ஒடுங்கிக்கொண்டே வந்தது. பல இடங்களில் அது புல வரைபடத்தில் மட்டுமே அகலமாக இருக்கிறது. செம்மண் சரிவு என்பதால் ஒரு நல்ல மழையிலேயே ஓடைக்குள் மண் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்து, ஒப்பந்ததாரர் லாரி கொண்டுவருவதற்குள் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். ஓடையை மூடும் சிலாப்புகளைத் திறக்க வழியில்லாமல் கான்கிரீட்டால் பூசிவிடுவதும் எல்லா ஊரிலும் உண்டு. கடைக்கு முன்னால் நடைபாதை கேட்பவர்கள் நாம்தான் என்பதால் இதில் அலுவலகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

காலக்கணக்கு இன்னொரு சிக்கல். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் செப்டம்பரில் மாநிலம் முழுவதும் தூர்வாரும் பணி முடுக்கிவிடப்படுகிறது. சென்னைக்கும் கடலூருக்கும் அது சரி. நமக்கோ ஜூன் தொடக்கத்திலேயே இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிடுகிறது. எல்லை தாண்டி, பாறசாலைக்கு அப்பால் உள்ள கேரளப் பஞ்சாயத்துகள் மே மாதத்தில் மழைக்கு முந்தைய சுத்தம் என்று வார்டு வார்டாக இறங்கும்போது, இந்தப் பக்கம் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் மேசையில் இருக்கும். இரண்டு மழை பெய்யும் மாவட்டத்துக்கு ஒரு தூர்வாரல் போதாது. மே மாதத்தில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை என்று இரண்டாகப் பிரித்துத்தான் வேலை ஆணை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றுவெள்ளம் தனி விஷயம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணையின் மட்டம் 77 அடி. இரண்டிலிருந்தும் உபரிநீர் திறந்தால், கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் போகும். முதலில் மூழ்குவது ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலமான குழித்துறைச் சப்பாத்து, பிறகு மங்காடு, வைக்கல்லூர் பக்கத்துத் தாழ்வான இடங்கள். மதகைத் திறப்பதிலோ அளவைத் தீர்மானிப்பதிலோ உள்ளாட்சிக்குப் பங்கு கிடையாது. எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்து, தாழ்வான வீடுகளில் இருப்பவர்களை அழைத்து, பள்ளிக்கூடத்தில் முகாம் திறப்பதே அதன் வேலை. ஆற்று மட்டம் ஏறிய நேரத்தில் உங்கள் ஓடையின் வாய் ஆற்றுநீருக்குள் இருக்கும், அப்போது ஓடை பின்னோக்கி நிரம்பும். அதற்குத் தூர்வாரல் மருந்து அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தெரு ஓடையும் கட்டப்படுவதில்லை, கட்டவும் முடியாது. அத்தகைய நாளில் ஆட்களை வெளியேற்றுவதைத் தவிர வேறு நிர்வாகம் இல்லை.

துறைகளுக்கு இடையே விழும் ஓடை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தைவிட வேறு சான்று வேண்டாம். அந்நகரின் ரயில் நிலையம் உள்ள தம்பானூர் பகுதி மூழ்குவதைத் தடுக்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். மாநகராட்சியால் தனியாக முடியாததை, எல்லாத் துறைகளையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்ததால் செய்ய முடிந்தது. அதே நகரில் 2024 ஜூலையில், ரயில் நிலையத்தின் அடியில் போகும் ஆமையிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதன் பிறகு குப்பை யாருடையது, தோடு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒருவரை ஒருவர் கைகாட்டியதை மலையாளச் செய்தி பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக் குழு, ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. மழைநீர் வடிகால் பெரும்பாலும் மீதியில்தான் இடம் தேட வேண்டியிருந்தது. புதிதாக ஓடை கட்டத் திட்டங்களில் பணம் கிடைக்கும், பழைய ஓடையைப் பராமரிக்கச் சொந்த வருவாய்தான் வேண்டும் என்ற நிலை இன்னும் மாறவில்லை. தூர்வாரிய ஓடைக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாதல்லவா.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மழை இல்லாத ஒரு நாளில் உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் போகும் வழியாகவே நடந்து, அது தோட்டிலோ குளத்திலோ சானலிலோ விழும் இடம்வரை போய்ப் பாருங்கள். எங்கே ஓடை குறுகுகிறது, எங்கே சாலையைக் கடக்கிறது, குழாயின் வாயில் எவ்வளவு மண் இருக்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு உள்ள இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, வருவாய்த் துறையின் இணைய சேவையில் புல வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்தால் அது ஓடைப் புறம்போக்கா, சாலையா, பட்டா நிலமா என்று தெரிந்துவிடும். பட்டா நிலத்துக்குள் குறுகியிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் நில அளவை கேட்க வேண்டும். குழாய்ப் பாலம் என்றால் சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் எழுத வேண்டும். பேரூராட்சிக்கு நகல் போதும்.

மனுவில் “தண்ணீர் நிற்கிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பேரூராட்சி மறுபடியும் உங்கள் வீட்டு முன்னால்தான் மண் அள்ளும். இன்ன புல எண்ணில், இன்ன துறையின் குழாய்ப் பாலத்தில் இத்தனை அடி நீளத்துக்கு அடைப்பு, மே மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் அதைக் கொடுப்பதன் பயன், மனு எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்ற சர்ச்சை அங்கேயே தீர்வதுதான். ஆட்சியரே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் ஆவார். சென்ற ஆண்டு எங்கிருந்து எங்குவரை தூர்வாரியதாகப் பணம் கொடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், மதிப்பீட்டின் நகலையும், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த அளவுப் புத்தகத்தில் ஓடையின் கடைசி நூறு மீட்டர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.