பால் குடித்தால் ரத்தக் குழாய் இறுகுமா?

பலதுறை மருந்தகத்தில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை கொடுத்தார்கள். 'கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை' என்றார் தாதி. பால், நெத்திலி எல்லாம் நிறுத்த வேண்டுமா? (அங் மோ கியோ வாசகி)

வேண்டாம் அக்கா. ரத்தத்தில் எவ்வளவு கால்சியம் இருக்கலாம் என்பதை உடம்பே கறாராகப் பார்த்துக்கொள்கிறது, நாசி லெமாக் சோற்றில் நாலு நெத்திலி கூடினால் ஏறிவிடாது. மாத்திரையின் கணக்கு வேறு. ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்லுக்கு வெளியே, உள்ளே இருப்பதைவிட சுமார் 10,000 மடங்கு கால்சியம் காத்திருக்கிறது. கதவு லேசாகத் திறந்தாலே உள்ளே பாயும், கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நொதியை எழுப்பும், தசை இறுகும், ரத்த அழுத்தம் ஏறும். அம்லோடிபின் அடைப்பது அந்தக் கதவைத்தான். கணுக்கால் வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த மாத்திரைக்கு அது வழக்கம்தான்.

தசையைச் சுருக்குவதும் கால்சியம், மரபணுவைத் தூண்டுவதும் கால்சியம். செல் குழம்பாதா? (தொடக்கக்கல்லூரி மாணவர்)

இதைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்! எங்கே ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் செல் பார்க்கிறது. சுருங்க சில நொடிகள் போதும். மரபணுவுக்கு அது போதாது. கால்சியம் எழுப்பும் கால்சினியூரின் என்ற நொதி, மரபணுக்களைத் தூண்டும் என்ஃபாட் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் அந்தப் புரதம் உட்கருவுக்குள் போகும், கால்சியம் இறங்கியதும் பாஸ்பேட் திரும்ப ஒட்டி அதை வெளியே தள்ளிவிடும். தேக்கா சந்தையில் 'மீன்!' என்று ஒரு குரல் கேட்டால் திரும்பிப் பார்ப்போம்; கூவிக்கொண்டே இருந்தால்தான் பையை எடுப்போம், அந்த மாதிரி.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. செல்லின் ஓரத்தில் கால்சியம் குட்டிப் பொறியாகத் தெறித்தால் அங்குள்ள பொட்டாசியம் வழிகள் திறந்து தசை தளர்கிறது. 1995இல் இது வெளியானது. இறுக்குவது என்று பெயர் வாங்கியதே தளர்த்தவும் செய்கிறது!

அடைப்பை விரிக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்த இடம் மறுபடி அடைவதும் இதனாலா? (ஈசூன்)

ஓரளவுக்கு. குழாய்ச் சுவரில் காயம் பட்டால் தசைச் செல்கள் சுருங்கும் வேலையை விட்டுவிட்டுப் பெருகத் தொடங்கும், அந்த மாற்றத்தில் மேலே சொன்ன என்ஃபாட்டுக்கும் பங்குண்டு. கால்சியம் மட்டுமே காரணமல்ல.

இதய ஸ்கேனில் 'கால்சியம் ஸ்கோர்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது குழாய்ச் சுவரில் கெட்டியாகப் படிந்துவிட்ட சுண்ணாம்பு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே தசைச் செல்களில் சில, மரபணுக்களை மாற்றிப் போட்டுக்கொண்டு எலும்புச் செல் போல நடந்துகொண்டு அந்தப் படிவுக்குத் துணைபோகின்றன.